இலஞ்சிப் பாதைக் கிணறு

தென்காசி
21-7-1959

அன்புள்ள அக்காவுக்கு இராமலட்சுமி எழுதுவது.

மாதர் சங்கத்தின் பெயரில் அத்தானுக்கு அனுப்பிய பதிவுத் தபால் 'வாங்க மறுப்பு' என்று எழுதி இன்று திரும்பி வந்துவிட்டது. அதிலிருந்த விஷயம் உனக்குப் பிறர் வாயால் தெரிவதைவிட என் கையெழுத்தில் தெரிவது நல்லது. அதனால் இதை உன் பெயருக்கே எழுதுகிறேன்.

போன ஆவணியில் எங்கள் தெருவில் நான்கு பிள்ளைகளுக்கு டைபாய்டு வந்து இரண்டு தவறிப்போனது உனக்குத் தெரியும். ஒன்று எங்கள் சங்கப் பொருளாளர் ஷரீபுன்னிசாவின் மகள். எட்டு வயது. வருஷா வருஷம் குற்றாலத்தில் சீசன் முடிகிற சமயத்தில்தான் இங்கே காய்ச்சல் ஆரம்பிக்கிறது என்று டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னார். ஷரீபுன்னிசா அதைப் பிடித்துக்கொண்டாள். சிற்றாற்று மணலில் ஊற்றுத் தோண்டித்தான் பாதி ஊர் குடிக்கிறோம். மேலே என்ன கலக்கிறது என்று பார்க்காமல் கீழே இருக்கிறவர்களிடம் கொதிக்க வையுங்கள் என்று எத்தனை வருஷம் சொல்வது?

ஆகவே இந்த மாதம் நாங்கள் ஐந்து பேர் குற்றாலம் வந்து மூன்று நாள் சுற்றிப் பார்த்தோம். உன் வீட்டுக்கு வரவில்லை. உன் கையால் காப்பி குடித்துவிட்டு உன் விடுதிக்குப் பின்னாலேயே நின்று குறிப்பெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறு விடுதிகளின் எடுப்புக் கக்கூஸ் வாளிகள் ஆற்றில் போய்ச் சேருகிற ஓடையில்தான் கொட்டப்படுகின்றன. இடத்தை உங்கள் விடுதியில் வாளி எடுக்கிற உச்சிமாகாளியே காட்டினான். பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்பட்டது. ஆறில் ஐந்தாவது பெயர் அத்தானுடையது. இரண்டு நாள் யோசித்தேன் அக்கா. அதை அடித்தால் மற்ற ஐந்தையும் அடித்துவிட வேண்டியதுதான்.

அத்தானிடம் நீ எடுத்துச் சொல். சங்கம் யாருக்கும் விரோதி அல்ல.

உன் தங்கை
இராமலட்சுமி


குற்றாலம்
26-7-1959

இராமலட்சுமிக்கு,

கடுதாசி கிடைத்தது. மூன்று மைலுக்கு ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறாய்.

உங்கள் அறிக்கை அச்சாகி பஸ் நிற்கிற இடத்தில் ஒட்டியிருக்கிறது. பதினோரு வருஷமாகச் சிவகாசியிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர் அதைக் கிழித்து மடித்துக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "என்ன ஆச்சி, நம்ம பேரு பெரிய எழுத்துல போட்டிருக்கே" என்றார். மத்தியானம் காலி பண்ணிக்கொண்டு ஐந்தருவிப் பக்கம் போய்விட்டார். அது கிடக்கட்டும். அதைச் சொல்ல இதை எழுதவில்லை.

'தோட்டி உச்சிமாகாளி காட்டிய இடம்' என்று அதில் அச்சடித்திருக்கிறீர்கள். உன் அத்தான் அவனைக் கூப்பிட்டார். "ஏலே, நீயா காட்டின?" என்று கேட்டார். "கேட்டாவ, காட்டினேன் மொதலாளி" என்றான். "அப்ப அவளுகளே ஒனக்குச் சோறு போடட்டும், போ" என்று அனுப்பிவிட்டார். மற்ற ஐந்து விடுதிக்காரர்களும் அவனுக்கு வேலை இல்லை என்று பேசி வைத்துக்கொண்டார்கள். பத்தொன்பது வருஷம் வந்தவன். கொட்டியதற்காக அவன் போகவில்லை, காட்டியதற்காகப் போனான்.

மொதலாளிகள் ஆறு பேருக்கும் பதிவுத் தபால் அனுப்பினீர்கள். அவன் பேரை எழுதுகிறதற்கு முன்னால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நீ படித்தவள். நான் ஐந்தாம் வகுப்பு. எனக்கே இது தோன்றுகிறது.

நாலு நாளாக வாளி எடுக்க ஆள் இல்லை. விடுதியில் நாற்பது பேர் இருக்கிறார்கள். சாரல் வேறு விடாமல் அடிக்கிறது. அடுப்புச் சாம்பல் முழுவதையும் அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டுகிறேன். வீட்டுப் பெண் எழுதக்கூடிய விஷயம் இல்லை இது. நீ ஆரம்பித்தாய், நானும் எழுதுகிறேன்.

முத்துவடிவு


தென்காசி
5-8-1959

அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சங்க நிர்வாகக் குழுவில் வைத்தேன். சொந்தக் குறிப்புகளை விட்டுவிட்டு உச்சிமாகாளி பற்றிய பகுதியை மட்டும் வாசித்தேன். அவர் பெயரை வெளியிட்டதற்குச் சங்கம் வருந்துகிறது என்று ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. நகல் இணைத்திருக்கிறேன். இதைப் படித்து நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அனுப்பாமல் இருக்கவும் மனம் வரவில்லை.

தீர்மானத்தை நேரில் சொல்லலாம் என்று நானும் ஷரீபுன்னிசாவும் போன வெள்ளிக்கிழமை அவர்கள் தெருவுக்குப் போனோம். உச்சிமாகாளி ராயகிரிப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவருடைய மனைவி மாடத்திதான் இருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் தீர்மானத்தைச் சொன்னேன். கேட்டு முடித்தபின், "பேரு எழுதினிய, சரி. அங்கன கொட்டக் கூடாதுன்னு எழுதினிய, அதும் சரி. எங்கன கொட்டணும்னு எழுதினியளா?" என்று கேட்டாள்.

அறிக்கை எட்டுப் பக்கம். நான்தான் எழுதினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மறுபடி முழுக்கப் படித்தேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை.

ஷரீபுன்னிசா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "ஒரு எடம் இருந்திருந்தா அந்த மனுசன் ஏன் ஓடையில கொட்டப் போறாரு" என்றாள். அவள் சொன்னதால் எழுதுகிறேன். நான் சொல்லியிருந்தால் அத்தானுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று ஆகியிருக்கும்.

இராமலட்சுமி


குற்றாலம்
22-8-1959

இராமலட்சுமிக்கு,

தீர்மானத்தைப் படித்தேன். மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஆடி முடிவதற்குள் விடுதிக்காரர்கள் ஆறு பேரும் சேர்ந்து எங்கிருந்தோ வேறொரு ஆளைக் கொண்டுவந்தார்கள். ஒரு வாரம் போனது. வாளியை எடுத்த வேகத்தில் ஆள் திரும்பி வருகிறானே என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் காலை குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். உச்சிமாகாளி கொட்டின இடம் வரைக்கும்கூட அவன் போகவில்லை. நம் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமே கவிழ்த்துவிட்டு, ஓடைத் தண்ணீரை இரண்டு கை அள்ளி வாளியில் ஊற்றிச் சுழற்றினான். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நின்று பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ராயகிரிக்கு ஆள் விட்டு உச்சிமாகாளியை வரச் சொன்னேன். உன் அத்தானிடம் கேட்கவில்லை. திங்கட்கிழமை வந்து கொல்லையில் நின்றான். வேலைக்குத் திரும்பி வா என்றேன். சம்பளம் கூடக் கேட்பான் என்று நினைத்து அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"சம்பளம் கெடக்கட்டும் ஆச்சி. எனக்குக் குளிக்க ஒரு எடம் வேணும்" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "இந்த ஊர்ல குளிக்க எடமா இல்ல?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்தான்.

"அருவிப் பக்கம் போனா எண்ணெ தேச்சிக்கிட்டு நிக்கவங்க வெரட்டுதாவ. பம்புக்குப் போனா பொம்பளையள்லாம் கொடத்த எடுத்துக்கிட்டு ஓடுதாவ. எங்க தெருவுல கெணறு இல்ல. ஓடை வாய்க்குக் கீழ, நான் கொட்டின எடத்துக்கும் கீழதான் பத்தொம்பது வருசமாக் குளிக்கேன். அந்தத் தண்ணியில குளிச்சிட்டு வீட்டுக்குப் போயி பிள்ளையத் தூக்குதேன்."

அவனாகவே மேற்கொண்டு சொன்னான். ஆற்றுக்குத் தள்ளி ஒரு நிலம் இருந்தால் குழி வெட்டி, ஒரு வாளிக்கு ஒரு அடுக்குத் தழை, சாம்பல், மண் என்று மூடிவிடலாமாம். ஆறு மாசத்தில் வாடை இல்லாத உரமாகிவிடுமாம். ராயகிரியில் ஒரு தோட்டத்தில் அப்படிச் செய்கிறார்களாம். மூடி போட்ட கை வண்டி ஒன்றும், குளிக்கக் கிணறு ஒன்றும் இருந்தால் ஆறு விடுதிக்கும் அவனும் அவன் மச்சினனும் பார்த்துக்கொள்வார்கள்.

நிலம் இருக்கிறது. இலஞ்சிப் பாதையில் அப்பா நம் இரண்டு பேர் பேரிலும் எழுதி வைத்த தென்னந்தோப்பு பங்கு பிரிக்காமல் கிடக்கிறது. ஆறு அங்கிருந்து தூரம். கிணறு மேட்டில் இருக்கிறது. குழி வெட்டக் கீழ்ப்பக்கம் பள்ளத்தில் கிணற்றுக்கு நூறு கஜம் தள்ளி இடம் உண்டு. நான் என் சம்மதத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன். உன் கையெழுத்தும் வேண்டும். போட்டு அனுப்பு.

முத்துவடிவு


தென்காசி
1-9-1959

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. உடனே பதில் எழுத முடியவில்லை.

உன் யோசனை நல்ல யோசனை. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் சில விஷயங்களை நீயும் யோசிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்தத் தோப்பில் வீடு கட்ட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வருஷம் வாசல் எந்தத் திசை என்றுகூடப் பார்த்தாயிற்று. உன் கடிதத்தைக் காட்டினேன். "ஊர் சுத்தமாகணும்னா நம்ம தலையிலதான் கொட்டணுமா?" என்று கேட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

அத்தை இன்னமும் பருப்பு வேக வைக்க அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் எடுத்துவரச் சொல்கிறார். அதில்தான் மெத்தென்று வேகிறதாம். உச்சிமாகாளி அங்கே குளிப்பான் என்று தெரிந்தால் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் வராது. அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

சங்கத்தின் சார்பில் புறம்போக்கு நிலம் ஒதுக்கித் தரும்படி மேலிடத்துக்கு மனு அனுப்பியிருக்கிறோம். எழுபத்திரண்டு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதன் முடிவு தெரியும் வரை நம் தோப்பு விஷயத்தை ஒத்திப்போடுவது உசிதம் என்று தோன்றுகிறது.

இராமலட்சுமி


குற்றாலம்
4-9-1959

இராமலட்சுமிக்கு,

எழுபத்திரண்டு கையெழுத்தை நீ எண்ணி எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒன்று.

அறிக்கையில் ஆறு பேர் பேர் இருக்கிறது. கீழே இடம் இருந்தால் ஏழாவதாக உன் பேரை எழுதிக்கொள். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. தோப்பு இருக்கும்போது ஓடையில் ஏன் கொட்ட வேண்டும் என்று உன் அத்தானிடமும் கேட்டேன். மூன்று நாளாகச் சோற்றுக்கு மட்டும்தான் வாய் திறக்கிறார்.

உச்சிமாகாளி மறுபடி கரும்புக்குப் போய்விட்டான்.

முத்துவடிவு


தென்காசி
12-10-1959

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் சம்மதப் பத்திரம் இருக்கிறது. என் கையெழுத்துக்குக் கீழே ஷரீபுன்னிசா சாட்சி போட்டிருக்கிறாள்.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். உன் கடைசிக் கடிதத்தை ஒரு மாதம் பெட்டியில் வைத்திருந்தேன். மனுவுக்கு, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதை வாசிப்பதற்காகப் போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்றேன். வாசித்து முடித்துவிட்டு, உட்காராமல், உன் கடிதத்தையும் எடுத்து வாசித்தேன். ஏழாவது பேர் என்கிற வரியையும் விடவில்லை. தோப்பு என் பேரிலும் இருக்கிறது என்பது அங்கே யாருக்கும் அதுவரை தெரியாது.

தலைவி, இது செயலாளரின் குடும்ப விஷயம், சங்கம் தலையிட முடியாது என்று அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தார். ஷரீபுன்னிசா இருந்த இடத்திலிருந்தே, "கையெழுத்தப் போடுங்க இராமலட்சுமி. இல்லாட்டி அந்த அறிக்கையக் கிழிச்சிருவோம். அதுல எம் பிள்ள பேரும் இருக்கு. அது அங்கன சும்மா கெடக்க வேண்டாம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. தாள் கொடு என்று கேட்டு அங்கேயே எழுதினேன்.

வீட்டில் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பள்ளிக்கூடத்துத் தோழர் வீட்டில் தங்கிவிட்டு வந்தார். வந்தவர் வீட்டின் வரைபடத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டார். அத்தை இப்போது வேறு தண்ணீரில் பருப்பு வேக வைக்கிறார். வேகவில்லை என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறார்.

இராமலட்சுமி


குற்றாலம்
2-3-1960

அன்புள்ள இராமலட்சுமிக்கு,

வேலை முடிய இத்தனை நாள் ஆகிவிட்டது. எழுதவில்லை என்று நினைக்காதே.

குழி எட்டு வெட்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் ஓர் ஆள் ஆழம். நீ அனுப்பிய சங்கத்துப் பெண்கள் மூன்று பேரும் இரண்டு நாள் வந்து தழை சுமந்தார்கள். ஒருத்திக்குக் கையில் கொப்புளம். மூடி வண்டியை இலஞ்சி ஆசாரி செய்து கொடுத்தார். சக்கரம் கொஞ்சம் கிறீச்சிடுகிறது. வண்டி தெருவில் வருவதற்கு முன்னாலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது, அதுவும் நல்லதுக்குத்தான் என்கிறான் உச்சிமாகாளி.

முதலில் நம் விடுதி வாளி மட்டும்தான் போயிற்று. தை மாசம் இன்னும் மூன்று விடுதிக்காரர்கள் உன் அத்தானிடம் வந்து கேட்டார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நம்ம தோப்புதான், தாராளமாக் கொண்டுவரச் சொல்லுங்க" என்றார். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இருக்கட்டும். பாக்கி இரண்டு பேர் இன்னும் ஓடையில்தான் கொட்டுகிறார்கள். அதையும் உன் புஸ்தகத்தில் எழுதிக்கொள்.

உச்சிமாகாளி குளித்ததைச் சொல்கிறேன். கிணற்றுக்கு உருளை போட்டு, பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டியிருக்கிறோம். முதல் நாள் வேலை முடிந்து வந்தான். கயிற்றைத் தொடாமல் தள்ளியே நின்றான். தயங்குகிறான் என்று நினைத்து, "தண்ணி எறச்சிக் குளி, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ" என்றேன்.

"அது தெரியும் ஆச்சி. நீங்க போங்க. ஆளு நிக்கையில எப்படிக் குளிக்க?" என்றான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குடையை எடுத்துக்கொண்டு பாதைக்கு வந்துவிட்டேன். ரொம்ப நேரம் உருளைச் சத்தம் கேட்டது. நான் எண்ணவில்லை, ஆனால் முப்பது நாற்பது வாளி இருக்கும்.

மறுநாளிலிருந்து மாடத்தியும் அங்கிருந்துதான் குடத்தில் எடுத்துப் போகிறாள்.

முத்துவடிவு


தென்காசி
27-6-1960

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று சங்கத்தார் பன்னிரண்டு பேர் தோப்பைப் பார்க்க வந்துபோனோம். விடுதியில் சீசன் கூட்டம், உன்னால் வர முடியாது என்று மாடத்தி சொன்னாள். அதனால் இதை நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

மூடிய குழிகளில் ஒன்றை உச்சிமாகாளி திறந்து காட்டினார். கறுப்பு மண். கையில் அள்ளிக் கொடுத்தார். தலைவி வாங்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். எல்லாரும் நல்லபடியாகப் பேசினோம். பக்கத்து ஊர்களுக்கும் இதைப்பற்றி எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. இங்கே இந்த வருஷம் காய்ச்சல் எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது. ஆவணி கழிந்தால்தான் தெரியும்.

வெயில் ஏறிவிட்டது. கிணற்றடி நிழலில் உட்கார்ந்தோம். தாகம். மாடத்தி ஒரு வாளி இறைத்து, செம்பை விளக்கி, எங்களுக்கு முன்னால் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். ஒருவரும் கை நீட்டவில்லை. தலைவி வீட்டிலிருந்து வந்த கூஜாவைத் திறந்தார்கள். டம்ளர் ஒன்றுதான் இருந்தது, சுற்றி வந்தது. அந்தத் தண்ணீர் அன்று காலை சிற்றாற்று ஊற்றிலிருந்து எடுத்தது. புறப்படுகிற அவசரத்தில் கொதிக்க வைக்கக்கூட இல்லை என்று அவரே சொன்னார். இரண்டு வருஷமாக எந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னோமோ அதே தண்ணீர்.

ஷரீபுன்னிசா மட்டும் எழுந்து போய்ச் செம்பை எடுத்து, அண்ணாந்து, முழுக்கக் குடித்தாள். முகத்தையும் கழுவிக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை.

எனக்கு முறை வந்தபோது நானும் டம்ளரைத்தான் வாங்கினேன். குடித்தேன். மாடத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். குழிகளைப் பற்றி இரண்டு பக்கம் வந்துவிட்டது. இதை அதில் எழுத முடியவில்லை. உனக்காவது எழுதிவிடலாம் என்று எழுதினேன்.

உன் தங்கை
இராமலட்சுமி


குற்றாலம்
30-6-1960

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடுதாசியை இரண்டு தடவை படித்தேன்.

உன்னை என்ன சொல்ல? நானும் அந்தக் கிணற்றில் இதுவரை ஒரு வாய் குடித்ததில்லை. குழி வெட்டின நாளிலிருந்து தோப்புக்குப் போகும்போதெல்லாம் வீட்டிலிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுபோகிறேன். வெயில் தாங்கவில்லை, அதனால்தான் என்று நானே சொல்லிக்கொள்வேன். சாரலிலும் கொண்டுபோனேன். மாடத்தி அதையும் பார்த்திருப்பாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை விடுதியை அத்தான் பார்த்துக்கொள்ளட்டும். காலை பஸ்ஸில் வந்து இலஞ்சி முக்கில் இறங்கு. நான் அங்கே நிற்பேன். இரண்டு பேருமாகப் போவோம். மாடத்தியையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

கூஜா கொண்டு வராதே.

முத்துவடிவு